லாபம் இருக்கிறது, பணம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் வரலாறு படிக்கும் கல்லூரி மாணவி. வணிகம், சந்தைப்படுத்துதல், சொந்த நிதி ஆகிய மூன்றின் அடிப்படைகளையும் நானாகவே கற்க முயல்கிறேன். மூன்றையும் சேர்த்துத் தொடங்கியதில் குழப்பமே மிஞ்சுகிறது. எதை முதலில் படிப்பது?

பதில்: கணக்கிலிருந்து தொடங்குங்கள். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்திருந்தால் போதும். ஒரு பையை 60-க்கு வாங்கி 100-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றே. ஒவ்வொரு பையிலும் 40 மிஞ்சுகிறது. அதை உடனே லாபம் என்று எழுதிவிடுவதில்தான் புதிதாகக் கற்பவர்கள் பலரும் இடறுகிறார்கள். ஒரு பைகூட விற்காத மாதத்திலும் கொடுத்தே ஆக வேண்டிய வாடகை போன்ற நிலையான செலவு 1,200 என்றால், முதல் 30 பைகளில் மிஞ்சுவது முழுவதும் அதை அடைக்கவே சரியாகிவிடும். லாபமும் நட்டமும் இல்லாத புள்ளி என்று பாடநூல்கள் சொல்வது இந்த 30-ஐத்தான். 31-ஆவது பை விற்கும்போதுதான் லாபம் தொடங்குகிறது. இந்த ஒரு கணக்கை எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த இரண்டு பதில்களையும் படியுங்கள். அதே பைதான் அங்கும் வருகிறது.

கேள்வி: படித்துக்கொண்டே சிறு வியாபாரம் ஒன்று நடத்துகிறேன். மாதக் கடைசியில் கணக்குப் போட்டால் லாபம் வருகிறது. ஆனால் அடுத்த கொள்முதலுக்குக் கையில் பணம் இருப்பதில்லை. கணக்கில் தவறா?

பதில்: கணக்கு சரியாகவே இருக்கலாம். மேலே சொன்ன பைகளில் 50-ஐ ரொக்கம் கொடுத்து வாங்கி, அனைத்தையும் விற்றுவிட்டீர்கள் என்று கொள்வோம். 50 பைகளில் மிஞ்சியது 2,000. நிலையான செலவான 1,200 போக லாபம் 800. ஆனால் அவற்றில் 30 பைகளைக் கடனுக்குக் கொடுத்திருந்தால், கைக்கு வந்தது 20 பைகளின் விலையான 2,000 மட்டுமே. கையை விட்டுப் போனதோ கொள்முதலுக்கு 3,000, நிலையான செலவுக்கு 1,200. 5,000 முதலோடு தொடங்கிய உங்களிடம் இப்போது இருப்பது 2,800. மீதி 3,000, வரவேண்டிய பாக்கியாக வாடிக்கையாளர்களிடம் நிற்கிறது. இரண்டையும் கூட்டினால் 5,800 வரும். 800 லாபம் பொய்யில்லை. ஆனால் அடுத்த 50 பைகளை வாங்க வேண்டிய 3,000 உங்களிடம் இல்லை. நல்ல லாபம் காட்டும் நிறுவனங்களும் இப்படித்தான் மூச்சுத் திணறுகின்றன, விற்பனை வேகமாக வளரும் காலத்தில் இன்னும் அதிகமாக.

இந்தச் சிக்கல் புதியதுமல்ல. லூகா பாச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி, 1494-இல் வெனிஸில் அச்சான தம் கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். அவர் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். வெனிஸ் வணிகர்களிடம் ஏற்கெனவே இருந்த வழக்கத்தை ஒழுங்காக எழுதிவைத்தவர். கடனுக்கு விற்றதை விற்பனையில் ஒரு முறையும், வாங்கியவர் பெயரில் பாக்கியாக ஒரு முறையும் எழுதும் அந்த வழக்கமே உங்களுக்கும் போதுமானது. அதோடு எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று குறிக்கக் கணக்கேட்டில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும் பாக்கிதான் பெரும்பாலும் பழையதாக இருக்கும்.

கேள்வி: சந்தைப்படுத்துதல் என்றால் விளம்பரம்தானே? 10 சதவீதத் தள்ளுபடி அறிவித்தால் விற்பனை கூடாதா?

பதில்: விளம்பரம் அதில் ஒரு பகுதி. அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960-இல் வகுத்துத் தந்த நான்கு கூறுகள் இன்றும் பாடமாக உள்ளன: பொருள், விலை, அது கிடைக்கும் இடம், விளம்பரம் உள்ளிட்ட விற்பனை ஊக்கம். இவற்றுள் விலை ஒன்றுதான் பணத்தை உள்ளே கொண்டுவருகிறது. மற்ற மூன்றும் செலவு வைப்பவை. ஆகவே அதில் கை வைக்கும் முன் கணக்குப் பாருங்கள்.

100-க்கு விற்ற பையை 90-க்குக் கொடுத்தால், விலை குறைவது 10 சதவீதம். உங்களுக்கு மிஞ்சுவதோ 40-இலிருந்து 30 ஆக, அதாவது 25 சதவீதம் குறைகிறது. முன்பு 50 பைகளில் மிஞ்சிய அதே 2,000-ஐப் பெற இப்போது 67 பைகளை விற்றாக வேண்டும். தள்ளுபடியால் விற்பனை 60 ஆக உயர்ந்தால் கடையில் கூட்டம் தெரியும், கல்லாவில் 200 குறையும். மாறாக, விலையை 110 ஆக்கினால் 40 பைகள் விற்றாலே அந்த 2,000 கிடைத்துவிடும். விலையை உயர்த்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய சரக்கைத் தள்ளிவிடவும் புதிய வாடிக்கையாளரைப் பழக்கவும் தள்ளுபடி தேவைப்படும் நேரங்கள் உண்டு. அப்போதும் எத்தனை பைகள் கூடுதலாக விற்க வேண்டும் என்ற எண்ணை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடன் அட்டையில் 10,000 பாக்கி இருக்கிறது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டு, ஆண்டுக்கு 7 சதவீதம் தரும் சேமிப்பு ஒன்றையும் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். மாதத்துக்கு 3 சதவீத வட்டி என்று கொண்டால், முதல் மாதம் வட்டி மட்டும் 300. குறைந்தபட்சத் தொகையாக 500 கட்டினால் அசலில் குறைவது 200 மட்டுமே. வட்டி சிறிதாகத் தோன்றுவதற்குக் காரணம் அதை மாதக்கணக்கில் சொல்வதுதான். கூட்டு வட்டியாக ஏறும்போது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாகும் காலம் ஏறக்குறையக் கிடைக்கும். பாச்சோலியின் நூலிலேயே இந்த 72 இருக்கிறது. உங்கள் சேமிப்பு இரட்டிப்பாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கட்டாமல் விட்ட பாக்கி இரட்டிப்பாக 24 மாதங்கள் போதும். திடீர்ச் செலவுக்கென ஒரு சிறு தொகையை மட்டும் தனியே வைத்துக்கொண்டு, மீதியை எல்லாம் பாக்கியை அடைப்பதில் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த திடீர்ச் செலவும் அதே அட்டையில்தான் ஏறும்.

கேள்வி: அடுத்த ஆண்டுக் கல்விக் கட்டணத்துக்கான பணத்தை அதுவரை பங்குகளில் போட்டுவைக்கலாமா?

பதில்: கூடாது. பாதியாகச் சரிந்த முதலீடு பழைய நிலைக்கு வர 50 சதவீதம் ஏறினால் போதாது, 100 சதவீதம் ஏற வேண்டும். அதற்கு எத்தனை ஆண்டு ஆனாலும் சந்தை காத்திருக்கும். கட்டணம் செலுத்தும் கடைசி நாள் காத்திருக்காது.