ஏரி என்று எழுதப்பட்ட காடு

ஐயா, வணக்கம். மினசோட்டாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் குடும்பத்தோடு சிப்பவா தேசியக் காட்டில் 'லாஸ்ட் ஃபார்ட்டி' என்ற இடத்துக்குப் போனோம். 1882இல் நிலம் அளந்தவர்கள் காடிங்டன் ஏரியை வரைபடத்தில் அரை மைல் தள்ளிப் போட்டுவிட்டார்களாம். ஏரி என்று எழுதியிருந்ததால் மரம் வெட்டுகிறவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. 144 ஏக்கர் பிழைத்தது. மனிதக் கை படாத காட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. நம் ஊரில் ஏன் இப்படிக் காப்பாற்றத் தெரியவில்லை? இதைப் பயணக்கட்டுரையாக எழுத ஆசை, எப்படித் தொடங்கட்டும்?
எஸ்., மினியாபொலிஸ்

அன்புள்ள எஸ்.,

கண் கலங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அங்கே அப்படித்தான் ஆனது. அதனால்தான் இந்தப் பதில்.

ஆனால் காப்பாற்றியது யார்? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறதே, ஒரு தப்பான கோடு. சுற்றியிருந்த பைன் காட்டையெல்லாம் மொட்டையடித்ததும் அதே நாட்டுக்காரர்கள்தான். நம் ஊரைத் திட்ட ஒரு சாக்கு கிடைத்தால் போதும் உங்களுக்கு. சரி, விடுங்கள்.

'மனிதக் கை படாத' என்பதைத்தான் என்னால் விட முடியவில்லை. அங்கே நிற்கிற செம்பைன் மரத்தின் பட்டை தடிமன். தரையோடு ஓடும் தீ அதைக் கொல்லாது. சருகு எரிந்து மண் தெரிந்தால்தான் அதன் விதையும் நன்றாக முளைக்கும். அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் புளூபெர்ரிச் செடி தழைக்கட்டும் என்று அவ்வப்போது தீ வைத்தவர்கள். கை பட்டதால் வளர்ந்த காடு ஐயா அது! தீ கூடாது என்று அரசாங்கம் தடுத்தபிறகுதான் புதர் மண்டி, கன்றுகள் தலையெடுக்கத் திணறுகின்றன.

இன்னொன்று. வரைபடத்தில் தப்பான இடத்தில் போட்ட ஏரி பைனைக் காப்பாற்றிய அதே 1880களில், அதே வட்டாரத்தில், நிஜமாகவே இருந்த ஏரிகளின் தண்ணீர் மட்டத்தை உயர்த்தினார்கள். மிசிசிப்பி ஆற்றில் கீழே தண்ணீர் குறையாமல் வரவேண்டும் என்று விண்ணிபிகோஷிஷ், லீச் ஏரிகளின் வாயில் ராணுவப் பொறியாளர்கள் அணை கட்டினார்கள். 1884இல் இரண்டும் முடிந்தன. கரையோரக் குடியிருப்பும் இடுகாடும் முழுகின. மனோமின் என்கிற காட்டரிசியும் முழுகியது. முழங்கால், இடுப்பளவுத் தண்ணீரில் வளரும் புல் அது, ஆழம் கூடினால் போச்சு. காகிதத்து ஏரிக்குப் பலகை வைத்திருக்கிறார்கள், நீங்களும் நின்று படித்தீர்கள். இந்த நிஜ ஏரிகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

பொதுக் காடு என்கிறோம். 1908இல் அதைத் தேசியக் காடாக்கியபோது, அதன் பெரும்பகுதி 1855 ஒப்பந்தத்தில் தொடங்கிய, ஒஜிப்வே மக்களுக்கென ஒதுக்கிய லீச் லேக் நிலத்தின் எல்லைக்குள் இருந்தது. 2020 டிசம்பரில்தான் 11,760 ஏக்கரை அவர்களுக்குத் திருப்பித் தரச் சட்டம் போட்டார்கள்.

நான் போனது ஒரு செப்டம்பரில், காட்டரிசி அறுவடை நேரம். நண்பர் ஒருவர் காரில் கூட்டிப்போனார். ஏரியில் ஒரு சிறு படகு. பின்னால் ஒருவர் நின்று கழி ஊன்றித் தள்ளுகிறார். முன்னால் இருப்பவர் ஒரு குச்சியால் கதிரைப் படகுக்குள் சாய்த்து, இன்னொரு குச்சியால் லேசாகத் தட்டுகிறார். ஓங்கி அடிப்பதில்லை, பழுத்தது மட்டும் உதிர்கிறது. தண்ணீரில் விழுவது அடுத்த வருஷத்து விதை.

கரையில் ஒரு பாட்டி. இரும்புக் கொப்பரையில் துடுப்பால் கிளறிக் கிளறி வறுத்த அரிசியைப் பிர்ச் பட்டைத் தட்டில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டின் அந்தச் சிறு சுண்டல்! எங்கள் ஆத்தா முறத்தில் புடைக்கும்போது பார்த்தது, அப்படியே. நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, தட்டை என் கையில் கொடுத்துவிட்டார். நானும் வீறாப்பாக ஒரு வீச்சு வீசினேன். உமி தட்டிலேயே இருந்தது, அரிசியில் பாதி தரையில். அவர் சிரித்த சிரிப்பில் படகுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கட்டுரையை எப்படித் தொடங்குவது என்றா கேட்டீர்கள்? அப்புறம் பார்க்கலாம். செப்டம்பரில் பிள்ளைகளோடு மறுபடி போங்கள். சாலையோரத்தில் விற்கிற அரிசியை வாங்குங்கள். கடையில் கறுகறுவென்று மினுங்குவது பெரும்பாலும் வயலில் பயிரிட்டது, முக்கால் மணி நேரம் வேகும். கையால் தட்டி வறுத்தது பழுப்பாக இருக்கும், இருபது நிமிடம் போதும். தயவுசெய்து குக்கரில் வைத்து விசில் விடாதீர்கள்.