சத்தம் போடாத நாய்சம்

அன்புள்ள ஐயா,

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். தினமும் ஆங்கிலச் சொல் பட்டியலை மனப்பாடம் செய்கிறேன். பயிற்சிக் கட்டுரை ஒன்றில் எங்கள் ஊர்ச் சந்தையை ‘நாய்சம் மார்க்கெட்’ என்று எழுதினேன். கூச்சல் நிறைந்த சந்தை என்று நினைப்பு. திருத்தியவர், “நாற்றமடிக்கிற சந்தை என்று எழுதியிருக்கிறாய்” என்று சிரித்தார். நாய்ஸ் என்றால் சத்தம்தானே? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தேர்வில் எழுதலாமா? ஆங்கிலத்துக்கு ஒழுங்கே கிடையாதா?

ம.

அன்புள்ள ம,

கடைசிக் கேள்வியை விடுங்கள். எந்த மொழியிடமும் அதைக் கேட்டுச் சண்டை போடலாம், பொழுது போகும்.

நாய்சத்துக்கும் நாய்ஸுக்கும் உறவில்லை. நாய்க்கும் இல்லை. தொல்லை கொடுப்பதைச் சொல்லும் ‘அனாய்’ என்ற ஆங்கிலச் சொல் தலை போய் ‘நாய்’ என்று நின்றது. அதில் ‘சம்’ ஒட்டிக்கொண்டது. தொல்லை தருவது, தீங்கானது என்பதே முதற்பொருள். கெட்ட வாடை பிற்பாடு வந்து சேர்ந்து, இன்று அதுதான் முன்னால் நிற்கிறது. அனாய் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் பின்னால் வெறுப்பைச் சொல்லும் ‘இன் ஓடியோ’ என்ற லத்தீன் தொடர் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கப்பலில் போகிறவர்களுக்கு வரும் குமட்டலைக் குறித்த ‘நாஸியா’விலிருந்து பிறந்தது நாய்ஸ்தான் என்று அகராதிக்காரர்கள் பலர் சொல்கிறார்கள்.

தப்பாக எழுதியதற்காக உங்கள் மேல் கோபமில்லை. அந்தப் பட்டியல்மேல்தான். ஒரு சொல், நடுவில் ஒரு கோடு, எதிரே ஒரு பொருள். இப்படியா ஒரு சொல்லோடு பழகுவது? கல்யாணத் தரகர் கொண்டுவரும் ஜாதகம்கூட இதைவிட விவரமாக இருக்கும்.

என் அத்தை பள்ளிப் படிப்பை முடிக்காதவர். வீட்டில் ஆங்கில அகராதி கிடையாது. 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பைபிளின் மறுபதிப்பு ஒன்றும் தமிழ் பைபிளும் இருந்தன. இரண்டையும் மடியில் விரித்து, ஒரு விரலை இதிலும் ஒரு விரலை அதிலும் வைத்து வசனம் வசனமாக நகருவார். 91ஆம் சங்கீதத்தில் ஆங்கிலத்தில் ‘நாய்சம் பெஸ்டிலன்ஸ்’. தமிழில் ‘பாழாக்கும் கொள்ளைநோய்’. எசேக்கியேல் 14இல் ‘நாய்சம் பீஸ்ட்’; தமிழில் துஷ்டமிருகம். கல்லூரியில் படித்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்து, “சத்தம் போடுற மிருகம்” என்றார். அத்தை நிமிரவே இல்லை. “கடிக்க வர்றது சத்தம் போட்டுக்கிட்டா வரும்?” என்றார்.

அத்தைக்கு வேர்ச்சொல் தெரியாது. எசேக்கியேலில் வாள், பஞ்சம், கொள்ளைநோய் இவற்றோடு வரிசையில் நிற்கிற மிருகம் எப்படிப்பட்டது என்று தெரியும். அதே சொல் கொள்ளைநோய்க்கும் மிருகத்துக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று யோசிக்கத் தெரியும். நீங்களும் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு, பிடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தமிழ் மொழிபெயர்ப்போடு வைத்துப் படியுங்கள். பைபிள்தான் வேண்டுமென்பதில்லை. தினம் இரண்டு பக்கம் போதும். நேரமில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். பட்டியலுக்கு நேரம் இருந்ததே!

அப்புறம், தேர்வில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம். சந்தை மட்டும் கருவாட்டுச் சந்தையாக இருக்கட்டும்.