மதுரை வளாகமும் அண்ணா பல்கலைக்கழகம்தானா?

வாசகர் கேள்வி – பதில்

பொறியியல் கலந்தாய்வு நேரம் என்பதால் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

என் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள், நல்ல மதிப்பெண். மதுரையில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகத்தில் சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். சொந்தக்காரர்களோ "அது பேருக்குத்தான் அண்ணா யுனிவர்சிட்டி, கடன் வாங்கியாவது சென்னைப் பக்கம் ஒரு பிரைவேட் காலேஜில் சேருங்கள்" என்கிறார்கள். எதை நம்புவது?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பேருக்கு இல்லை அம்மா, அது பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகம். ஆனால் சென்னையின் கிண்டி வளாகமும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் சரியாக முடிவெடுக்க முடியும்.

சென்னையில் இருப்பவை நான்கு: 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, பக்கத்திலேயே ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி). இந்த நான்கையும் சேர்த்துத்தான் 1978-ல் பல்கலைக்கழகம் உருவானது. வெளியில் மக்கள் "அண்ணா யுனிவர்சிட்டி" என்று மரியாதையோடு சொல்வது பெரும்பாலும் இவற்றை மனதில் வைத்துத்தான். அப்புறம் கோவை, மதுரை, திருநெல்வேலியில் மூன்று மண்டல வளாகங்கள். இது தவிர விழுப்புரம், திண்டிவனம், ஆரணி, பண்ருட்டி, அரியலூர், திருக்குவளை, பட்டுக்கோட்டை, ராமநாதபுரம், நாகர்கோவில் என்று 13 உறுப்புக் கல்லூரிகள், இவையும் பல்கலைக்கழகமே நடத்துபவை. இதற்கெல்லாம் வெளியே இருக்கிற நூற்றுக்கணக்கான தனியார் கல்லூரிகள் வெறும் இணைப்புப் பெற்றவை. அங்கே படித்தாலும் பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையதுதான், கல்லூரி மட்டும் வேறு ஒருவருடையது.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், சென்னையின் நான்கு வளாகங்களுக்குத் தனிப் பாடத்திட்டம், தனித் தேர்வு. மண்டல வளாக மாணவர்கள் இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கான பாடத்திட்டத்தைப் படித்து, அவர்கள் எழுதும் பல்கலைக்கழகத் தேர்வையே எழுதுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிற பெரிய நிறுவனங்கள் முதலில் கிண்டிக்குத்தான் போகும், மதுரைப் பிள்ளைகள் சில நேர்காணல்களுக்குப் பயணம் செய்து போக வேண்டியிருக்கும். நிரந்தர ஆசிரியர் நியமனமும் பெரிய குறை. வருடக்கணக்கில் தற்காலிக ஆசிரியர்களாகவே இருப்பவர்கள் இந்த வளாகங்களில் ஏராளம். நன்றாகப் பாடம் நடத்துபவர்கள்தான், ஆனால் அடுத்த வருடம் இங்கே இருப்போமா என்று தெரியாத ஒருவரிடம் மூன்று வருடத் திட்டமாக ஓர் ஆய்வகத்தை வளர்த்தெடுக்கச் சொல்ல முடியாது. இதற்குப் பல்கலைக்கழகமும் அரசும்தான் பதில் சொல்ல வேண்டும், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டாம் தரமே போதும் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், கடன் வாங்கித் தனியார் கல்லூரி என்ற யோசனையை நான் ஏற்க மாட்டேன். மண்டல வளாகத்தில் கட்டணம் அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, நிர்வாக ஒதுக்கீடு (மேனேஜ்மென்ட் கோட்டா) என்ற பேச்சே கிடையாது, கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் மதிப்பெண்ணாலும் இடஒதுக்கீட்டாலும் வந்தவர்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம் வேறு. சில லட்சம் கடனோடு படிப்பை முடிக்கிற பெண் முதலில் கிடைக்கிற வேலையைப் பிடித்தே ஆக வேண்டும். கடனில்லாத பெண்ணுக்கு ஒரு வருடம் கேட் தேர்வுக்குப் படிக்கவோ, அரசுத் தேர்வு எழுதவோ வழி இருக்கிறது. எம்.இ. சேர்க்கைக்கான கேட் (தேசிய அளவிலானது) அல்லது சீட்டா (தமிழ்நாட்டுக்கானது) நுழைவுத் தேர்வு எழுதி, எம்.இ. படிக்கக் கிண்டிக்கே போகலாம், அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. மதுரையிலேயே தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது, 1957-ல் தொடங்கியது, அரசு உதவி பெறுவது. அங்கே அரசு உதவி பெறும் பிரிவில் மகள் விரும்பும் படிப்பு கிடைத்தால் அதை மேலே வைக்கச் சொல்வேன். கோவையில் என்றால் அரசுக் கல்லூரியான ஜி.சி.டி., அரசு உதவி பெறும் பி.எஸ்.ஜி. போன்றவற்றுக்கும் இதுவே கணக்கு.

முடிவெடுக்கும் முன் வேலை நாளில் ஒருமுறை கீழக்குயில்குடிக்கு மகளை அழைத்துக்கொண்டு நேரில் போய்வாருங்கள். கட்டடத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இறுதியாண்டு மாணவிகள் யாராவது இருந்தால் நிறுத்திப் பேசுங்கள்: போன வருடம் உங்கள் துறையில் எந்தக் கம்பெனிகள் எடுத்தார்கள், நேர்காணல் எங்கே நடந்தது, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர். முடிந்தால் அவர்களுடைய ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் கீழே வெவ்வேறு தேதியில் கையெழுத்து இருந்தால் ஆய்வக வகுப்பு ஒழுங்காக நடக்கிறது. எல்லாக் கையெழுத்தும் செமஸ்டர் கடைசியில் ஒரே நாளில் போட்டதாக இருந்தால், அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான். விளம்பரப் புத்தகத்தில் இது கிடைக்காது.

7.5 சதவீத ஒதுக்கீடு மண்டல வளாகங்களுக்கும் உண்டா? அதில் சேர்ந்தால் என்னென்ன இலவசம்?
– ஒரு மாணவர், சங்கரன்கோவில்

உண்டு தம்பி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான இந்த ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் இருக்கிறது. 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போயிருந்தாலும் சிக்கல். அதனால் படித்த எல்லாப் பள்ளிகளிலும் சான்று வாங்கிக் கையில் வைத்துக்கொள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. இந்த ஒதுக்கீட்டில் கிண்டியையும் கேட்கலாம், நெல்லையையும் கேட்கலாம். பக்கத்து ஊர் என்பதற்காக மேலே இருப்பதைக் கேட்காமல் விட்டுவிடாதே.

கிண்டி, எம்.ஐ.டி. எல்லாம் நமக்கு வராது என்று தெரிந்தும் சாய்ஸ் பட்டியலில் முதலில் போட்டால், கோவை மண்டல வளாகம் கைவிட்டுப் போய்விடும் என்று கம்ப்யூட்டர் சென்டரில் சொல்கிறார்களே?
– ஒரு தந்தை, பொள்ளாச்சி

தவறு. ஒவ்வொரு வருடமும் இந்தப் பயத்தாலேயே நல்ல இடத்தைத் தவற விடுகிறவர்களைப் பார்த்து மனம் கஷ்டப்படுகிறது. உங்கள் மகனின் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் அவர் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். முதல் விருப்பத்தில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. கோவையை 14-ஆவதாகப் போட்டிருந்தாலும், அவர் முறை வரும்போது அங்கே இடம் இருந்தால் அவருக்கு முன்னுரிமை குறைவதே இல்லை. அவருக்குப் பின்னால் ரேங்க் இருப்பவர் அதை முதல் விருப்பமாகப் போட்டிருந்தாலும் இவருக்குத்தான் கிடைக்கும். ஆகவே எது வரும் என்று கணக்குப் போடாமல், எது வேண்டும் என்ற வரிசையில் போடுங்கள். கல்லூரியின் குறியீட்டு எண்ணை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பல கல்லூரிகளின் பெயர்கள் ஒன்றுபோல இருக்கும்.

ரேங்குக்கு அடிப்படையான கட்-ஆஃப் மதிப்பெண் கணக்கையும் பலர் கேட்டிருந்தீர்கள். கணிதம் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 92, 84, 88 என்றால் 92 + 42 + 44, அதாவது 200-க்கு 178.

தமிழ் வழியில் மெக்கானிக்கல் இன்னும் இருக்கிறதா? மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.
– ஒரு வாசகர், செய்யாறு

தமிழ் வழியில் சிவில், மெக்கானிக்கல் 2010-ல் தொடங்கப்பட்டன. 2023-ல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் இவற்றை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த வருடம் எந்தெந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்பது கலந்தாய்வு இணையதளத்தின் இடப் பட்டியலில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆள் சேரவில்லை என்பதுதான் நிறுத்தச் சொல்லப்பட்ட காரணம். தமிழில் தரமான பாடநூல்களும், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு வேலை உறுதியும் இருந்திருந்தால் ஏன் சேராமல் போகப் போகிறார்கள்?

என் பட்டத்தில் "அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்" என்று இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அப்படி ஒரு பல்கலைக்கழகமே இல்லை என்கிறது. நான் என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பயப்பட வேண்டாம், பட்டம் செல்லும். 2007 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்துக் கோவை, திருச்சி, நெல்லை, அப்புறம் மதுரை என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கினார்கள். 2012-ல் மறுபடியும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இப்போதைய மண்டல வளாகங்கள் அந்தப் பிரிவினையின் மிச்சம்தான். கிண்டியில் உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சான்றிதழ் உண்மைத்தன்மைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். பட்டச் சான்று, எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள் இரண்டுக்கும் நகல் வேண்டும். பதில் நேரடியாக நிறுவனத்துக்கே போகும்படி கேளுங்கள், உங்கள் கைக்கு வந்து நீங்கள் அனுப்பினால் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை. மறுபடியும் ஒன்றாக்கிய அந்தச் சட்டத்தின் அரசிதழ் நகலையும் கூடவே வைத்து அனுப்பிவிடுங்கள்.