அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவத் துறையில் (விஏ) ப்ரைமரி கேர் டாக்டராக, அதாவது நோயாளி முதலில் வந்து பார்க்கும் பொது மருத்துவராகச் சேர என்ன தகுதி வேண்டும்? சம்பளத்தைத் தாண்டி என்னென்ன கிடைக்கும்?

கேட்டவர் தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்தவர், இப்போது ஜே-1 என்ற பயிற்சி விசாவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி (மேற்பயிற்சி) இரண்டாம் வருடம் என்று எழுதியிருக்கிறார். ஒரு தனியார் குழுமம் கூடுதல் சம்பளம் தரத் தயாராக இருக்கிறதாம். விஏ பக்கம் போவது புத்திசாலித்தனமா என்பதுதான் அவருடைய கேள்வியின் உள்ளர்த்தம். ஏழு வருடத்துக்கு முன்பு இதே குழப்பத்தில் இரண்டு மாதம் தூங்காமல் இருந்தவன் நான். இப்போது மிட்வெஸ்ட்டில், சோளக் காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில், விஏ கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் பாலிகிளினிக் பார்த்திருப்பீர்கள். ஒப்பந்த டாக்டர், கொஞ்சம் மருந்து, பெரிய வியாதி என்றால் வெளி மருத்துவமனைக்குக் கடிதம். விஏவை அப்படி நினைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கே மருத்துவமனையே அரசுடையது, டாக்டர் அரசு ஊழியர், மருந்தகமும் அவர்களுடையது. சுமார் 170 மருத்துவமனைகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட வெளிநோயாளி கிளினிக்குகள், 90 லட்சம் பேர் அளவில் பதிவு செய்தவர்கள். 1946-இல் ஜெனரல் ஓமர் பிராட்லி தலைமையில் இருந்தபோது விஏ மருத்துவமனைகளை மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்கத் தொடங்கினார்கள். ரெசிடென்சியில் உங்களுக்கும் விஏ ரொட்டேஷன் வந்திருந்தால் அந்தப் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சிதான் காரணம். அந்த ரொட்டேஷனில் உங்களை மேற்பார்வையிடும் அட்டெண்டிங் டாக்டர்களிடம் பேச்சுக் கொடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

தகுதி விஷயம் சுருக்கமானது. எம்டி அல்லது அதற்குச் சமமான பட்டம் (நம் எம்பிபிஎஸ், வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான ஈசிஎஃப்எம்ஜி சான்றிதழோடு சேர்ந்தால் போதும்), அங்கீகரிக்கப்பட்ட ரெசிடென்சி, ஏதாவது ஒரு மாநிலத்தின் முழுமையான, கட்டுப்பாடு இல்லாத லைசென்ஸ். இந்த "ஏதாவது ஒரு மாநிலம்" என்பதை இரண்டு தடவை படியுங்கள். டெக்சாஸ் லைசென்ஸை வைத்துக்கொண்டு மிச்சிகன் விஏவில் வேலை பார்க்கலாம். 2018-இல் வந்த விதிப்படி வீடியோவில் வேறு மாநிலத்து நோயாளியைக்கூடப் பார்க்கலாம். தனியாரில் இருக்கும் நண்பர்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து லைசென்ஸ் வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

போர்டு சர்டிஃபிகேஷன் (உங்கள் துறைக்கான தேர்வில் தேறிய சான்று) சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் எடுத்துவிடுங்கள், சம்பளத்தை முடிவு செய்யும்போது அதைப் பார்ப்பார்கள். பிறகு உடல் பரிசோதனை, போதைப்பொருள் பரிசோதனை, கைரேகை, பின்னணி விசாரணை என்று வழக்கமான சடங்குகள்.

நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையான வாசற்படி வேறு ஒன்று: குடியுரிமை. தகுதியான அமெரிக்கக் குடிமக்கள் கிடைக்காத இடத்தில் மட்டுமே மற்றவர்களை எடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கிரீன் கார்டு இருந்தாலும் நீங்கள் "மற்றவர்"தான். எடுத்தாலும் நியமனம் தற்காலிக வகையில் வரும். நிரந்தர நியமனமும், இரண்டு வருட தகுதிகாண் காலமும், அதற்குப் பிறகு வரும் பாதுகாப்பும் குடிமக்களுக்குத்தான். ஆகவே பாஸ்டனிலும் சான் டியாகோவிலும் நமக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போகும் ஊர்களில், வருடக்கணக்கில் ஆள் கிடைக்காத இடத்தில், வரவேற்பு நன்றாகவே இருக்கும்.

அங்கேதான் ஜே-1 வருகிறது. ரெசிடென்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குக் கேட்டு விஏவே உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். மாநிலங்கள் வழியாக இதே விலக்கைப் பெற எல்லாரும் முட்டி மோதும் கான்ராட் 30 திட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு வருடம் 30 இடம்தான். விஏ வழியாகப் போனால் அந்தக் கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள். பதிலுக்கு மூன்று வருடம் முழுநேர வேலை. மொத்தம் ஐந்து வருடம் விஏவில் இருந்தால், டாக்டர்களுக்கான தேசிய நலன் விலக்கு வழியில் கிரீன் கார்டுக்கும் அது கணக்காகும். ஆனால் இந்தியாவில் பிறந்தவருக்கான கியூ எப்படி நகர்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

சேர்வதற்கு நேரம் பிடிக்கும். எனக்கு ஏழு மாதம் ஆனது, அதில் பாதிக்குக் காரணம் என் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், எம்பிபிஎஸ் பட்டத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில். இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான் எழுதிய விளக்கக் கடிதங்களைச் சேர்த்தால் ஒரு சின்னப் புத்தகம் போடலாம். இப்போதே எல்லாக் காகிதத்திலும் பெயரைச் சரிபார்த்து, வித்தியாசம் இருந்தால் அஃபிடவிட் ஒன்று தயார் செய்து வையுங்கள்.

சரி, சம்பளம். மூன்று துண்டாக வரும். அடிப்படைச் சம்பளம் பணிக்காலத்தைப் பொறுத்து இரண்டு வருடத்துக்கு ஒரு படி ஏறும். இரண்டாவது "மார்க்கெட் பே": அந்தப் பகுதியில் உங்கள் துறைக்கு என்ன விலை போகிறது, உங்கள் அனுபவம் என்ன என்று ஒரு குழு பார்த்து முடிவு செய்யும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபடி பார்க்க வேண்டும். மூன்றாவது செயல்திறன் சம்பளம், வருடத்துக்கு அதிகபட்சம் 15,000 டாலர் அல்லது 7.5 சதவீதம், எது குறைவோ அது. எல்லாம் சேர்ந்து பொதுவாக ஜனாதிபதியின் சம்பளமான 4 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. அந்தக் கவலை எலும்பு சர்ஜனுக்கு, நமக்கு இல்லை. ப்ரைமரி கேருக்கு நான் பார்த்த அறிவிப்புகள் பெரும்பாலும் இரண்டரை லட்சத்தை ஒட்டியே இருந்தன. தனியாரில் உங்களுக்குச் சொன்ன தொகை இதைவிட அதிகமாக இருந்தால் ஆச்சரியமில்லை.

ஒரு யோசனை: பேரம் பேசுவதானால் மார்க்கெட் பேயில் மட்டும் பேசுங்கள், அதுவும் சேரும் முன்பே. சேர்ந்த பிறகு அந்தக் கதவு மெதுவாகத்தான் திறக்கும்.

இனி சம்பளக் கடிதத்தில் பெரிய எழுத்தில் வராதவை. முழுநேர டாக்டருக்கு முதல் வருடத்திலிருந்தே 26 நாள் விடுப்பு. மற்ற அரசு ஊழியர்கள் 13 நாளில்தான் தொடங்குகிறார்கள். அதோடு 13 நாள் மருத்துவ விடுப்பு, 11 அரசு விடுமுறை. மூன்று வாரம் சேர்த்து எடுத்து ஊருக்குப் போய், ஒரு கல்யாணத்தையும் ஒரு காதுகுத்தையும் பார்த்துவிட்டு வரலாம். தனியாரில் இருக்கும் என் அறைத்தோழன் பத்து நாளில் திரும்ப ஓடுகிறான். குழந்தை பிறந்தால் அப்பாவுக்கும் 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு.

மால்பிராக்டிஸ் இன்சூரன்ஸ் வாங்க வேண்டாம். பணி தொடர்பாக நோயாளி வழக்குப் போட்டால் பிரதிவாதி அமெரிக்க அரசாங்கம், நீங்கள் இல்லை. அதற்காகப் பொறுப்பே இல்லை என்று அர்த்தமில்லை. நஷ்ட ஈடு கொடுக்க நேர்ந்தால் உள்ளே ஆய்வு நடக்கும், தவறு உங்களுடையது என்றால் இப்படிப்பட்ட வழக்குகளைப் பதிந்து வைக்கும் தேசியத் தரவுத்தளத்தில் பெயர் ஏறும். ஆனால் வேலையை விடும்போது, பின்னால் வரக்கூடிய வழக்குகளுக்கான "டெயில்" காப்பீடு யார் கட்டுவது என்ற சண்டை இங்கே கிடையாது. உங்கள் தனியார் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். பல பேருக்கு அது பல ஆயிரம் டாலர் செலவு.

ஓய்வூதியம் எளிய கணக்கு: தொடர்ச்சியாகச் சம்பளம் மிக அதிகமாக இருந்த மூன்று வருடங்களின் சராசரி, அதில் ஒரு சதவீதம், அதைப் பணியாற்றிய வருடங்களால் பெருக்குங்கள். 62 வயதிலோ அதற்குப் பிறகோ, 20 வருடம் முடித்து ஓய்வு பெற்றால் ஒரு சதவீதம் 1.1 ஆகும். சராசரி 2.5 லட்சம், 20 வருடம் என்றால் வருடத்துக்கு 55,000 டாலர். இதற்காக 4.4 சதவீதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். தனியாக டிஎஸ்பி என்ற சேமிப்பில் நீங்கள் 5 சதவீதம் போட்டால் அரசும் 5 போடும். மருத்துவக் காப்பீட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு அரசு கட்டுகிறது. ஓய்வுக்கு முன் ஐந்து வருடம் அதில் இருந்தால் ஓய்வுக்குப் பிறகும் தொடரலாம்.

கல்விக் கடனைக் கட்ட ஐந்து வருடத்தில் 2 லட்சம் டாலர் வரை தரும் திட்டம் ஒன்றும் உண்டு. இங்கேயே படித்தவர்களுக்கு அது தங்கம். நமக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது நேரம். முழுநேர டாக்டர் ஒருவருக்குச் சுமார் 1,200 நோயாளிகள் என்று கணக்கு. தனியாரில் 2,000 தாண்டுவது சாதாரணம். 2010-இலிருந்து "பேக்ட்" என்ற குழு முறை இருக்கிறது: ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு எல்பிஎன் (உதவி நர்ஸ்), ஒரு கிளார்க். பக்கத்து அறையில் மனநல ஆலோசகர், கிளினிக்கல் பார்மசிஸ்ட். சர்க்கரை மருந்தின் அளவை ஏற்றி இறக்குவதை எங்கள் பார்மசிஸ்ட் என்னைவிட நன்றாகச் செய்வார். (2022-இல் பேக்ட் என்றே ஒரு சட்டமும் வந்தது, ராணுவத்தில் நச்சுப் புகை, ரசாயனங்களுக்கு ஆளானவர்களுக்காக. நோயாளி "பேக்ட்" என்றால் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

நேரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வியட்நாம் போரில் இருந்த ஒரு விவசாயி, எழுபதைத் தாண்டியவர், இருபது வருடமாகச் சர்க்கரை. மாத்திரை எழுதி முடித்த பிறகும் பத்து நிமிடம் மீதி இருந்தது. எந்த ஊரில் இருந்தீர்கள், என்ன வேலை என்று சும்மா கேட்டேன். ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லி தெளித்த காட்டோரத்தில் ஒரு வருடம் இருந்திருக்கிறார். அப்படி இருந்தவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரையைப் பணியால் வந்ததாகவே அரசு எடுத்துக்கொள்ளும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. கவுன்டி ஆபீசில், இந்த விண்ணப்பங்களுக்கு உதவும் வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசரைப் போய்ப் பாருங்கள் என்றேன். நான்கைந்து மாதம் கழித்து ஊனச் சதவீதம் 20 என்று முடிவான கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தக்காளிப் பை ஒன்றை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

துப்பாக்கி பற்றியும் கேட்கப் பழக வேண்டும். வீட்டில் எத்தனை இருக்கிறது, பூட்டி வைக்கிறீர்களா, பூட்டு வேண்டுமா? என்சிசி கேம்ப்பில் தவிர துப்பாக்கியைத் தொட்டிராத எனக்கு முதல் ஆறு மாதம் வாய் வரவில்லை. தற்கொலை அபாயம் இந்த நோயாளிகளிடம் அதிகம், ஆகவே அந்தக் கேள்வி ரத்த அழுத்தம் பார்ப்பது மாதிரி வழக்கமாகிவிட வேண்டும்.

தொல்லை இல்லாமல் இல்லை. விஏ டாக்டர் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது "வியூ அலர்ட்". ஒவ்வொரு ரிசல்ட்டும், ஒவ்வொரு கன்சல்ட்டும், ஒவ்வொரு கையெழுத்தும் உங்கள் திரையில் வந்து உட்காரும். அதைக் காட்டும் சிபிஆர்எஸ் மென்பொருள் தொண்ணூறுகளில் பிறந்தது. அதை மாற்றும் வேலை 2020-இல் ஸ்போக்கேனில் தொடங்கி, சிக்கலாகி, 2023-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்புறம் ஊனச் சதவீதத்துக்குக் கடிதம் கேட்டு வருபவர்கள். அதைத் தீர்மானிப்பது நீங்கள் இல்லை, தனிப் பரிசோதனை இருக்கிறது என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். 2014-இல் பீனிக்ஸ் விஏவில் காத்திருப்புப் பட்டியல் மறைக்கப்பட்ட விவகாரம் வெடித்து அமைச்சரே பதவி விலகினார். அதன் பின்விளைவாக இன்று 30 நிமிடப் பயணத்திலோ 20 நாளுக்குள்ளோ ப்ரைமரி கேர் கிடைக்காவிட்டால் நோயாளி வெளியே போகலாம். அந்த வெளி டாக்டரின் குறிப்புகளைத் தேடிப் பிடித்துப் படிப்பதும் உங்கள் தலையில்தான். 2025-இல் மட்டும் துறை கிட்டத்தட்ட 30,000 பணியிடங்களைக் குறைக்கும் வேலையில் இறங்கியது. அரசியல் காற்று மாறினால் அதிரும் இடம் இது என்று தெரிந்தே வாருங்கள்.

உங்களுக்கு என்ன சொல்வேன்? மனைவி அல்லது கணவருக்குப் பெரிய நகரத்தில் வேலை என்றாலோ, நான்கைந்து வருடத்தில் வீட்டுக் கடனை அடைத்துவிட வேண்டும் என்றாலோ தனியாரையே எடுங்கள், தப்பே இல்லை. சின்ன ஊர் பரவாயில்லை என்றால் மூன்றாம் வருடம் தொடங்கும் ஜூலையிலேயே விஏ இடங்களில் உள்ள ப்ரைமரி கேர் தலைமை டாக்டருக்கு நேரடியாக எழுதுங்கள். யூஎஸ்ஏஜாப்ஸ் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார வேண்டாம். முதல் கடிதத்திலேயே ஜே-1 என்று சொல்லிவிடுங்கள். குடிமக்கள் கிடைக்கவில்லை என்று காட்ட அவர்கள் விளம்பரம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், அதற்கே சில மாதம் ஓடிவிடும். டிசம்பருக்குள் கையில் ஒன்றும் இல்லை என்றால் கான்ராட் பக்கமும் ஒரு கால் வைத்துக்கொள்ளுங்கள்.