வில்லியின் முகத்தை மறைக்காதீர்கள்: ஆபத்தான நட்பைத் திரைக்கதையாக எழுதுவது எப்படி?

கேள்வி: சைக்கலாஜிக்கல் த்ரில்லர் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வங்கியில் வேலை பார்க்கும் கவிதாவின் வாழ்க்கைக்குள் அவளுடைய பழைய கல்லூரித் தோழி ரம்யா மறுபடி வருகிறாள். உதவி செய்வதுபோல நெருங்கி, கடைசியில் குடும்பத்தையே ஆபத்தில் தள்ளுகிறாள். படித்த நண்பர்கள் எல்லோரும் பத்தாவது பக்கத்திலேயே "இவள்தானே வில்லி?" என்று கேட்டுவிடுகிறார்கள். அவளை இடைவேளை வரை எப்படி மறைப்பது? அவள் ஏன் இப்படி ஆனாள் என்பதற்கு ஃப்ளாஷ்பேக் வேண்டுமா? முன்மாதிரியாகப் பார்க்க ஏதாவது படம் உண்டா? முதல் ட்ராஃப்டையும் கதைச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ரம்யாவை மறைக்கவே வேண்டாம். த்ரில்லர் என்று சொல்லி டிக்கெட் வாங்கியவர்களுக்குப் புதிதாக வீட்டுக்குள் வருகிற ஆள்மேல் முதல் சீனிலேயே சந்தேகம் வந்துவிடும். அதை யாராலும் தடுக்க முடியாது. சந்தேகம் இருந்தும் அவர்கள் ரம்யாவைத் தொடர்ந்து வீட்டுக்குள் விட வேண்டும், அவள் செய்வதைப் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷப்படவும் வேண்டும். அதற்கு நீங்கள் கவிதாவைத்தான் தோண்ட வேண்டும். அவள் வாய்விட்டுச் சொல்லாத ஆசைகள் என்ன, எதெல்லாம் தன் வாழ்க்கையில் இல்லாமல் போனால் நிம்மதி என்று அவள் ரகசியமாக நினைக்கிறாள், இதுதான் உங்கள் கதையின் மூலப்பொருள்.

முன்மாதிரி என்றால் நான் யோசிக்காமல் சொல்வது 2000-இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படம். இயக்கியவர் டொமினிக் மோல். ஜில் மார்ஷானுடன் சேர்ந்து எழுதியவரும் அவரே. ஆங்கிலத்தில் 'ஹாரி, ஹீ இஸ் ஹியர் டு ஹெல்ப்' என்றும், அமெரிக்காவில் 'வித் எ ஃப்ரெண்ட் லைக் ஹாரி' என்றும் வெளியானது. தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இருந்த படம். மறு ஆண்டு பிரான்சின் செசார் விருதுகளில் இயக்குநர், நடிகர், படத்தொகுப்பு, ஒலி என்று நான்கு விருதுகளை வாங்கியது. ஹாரியாக நடித்த செர்ஜி லோபஸுக்கு ஐரோப்பியத் திரைப்பட விருதும் கிடைத்தது. இவ்வளவு இருந்தும் ஆபத்தான நட்பு பற்றிப் பேச்சு வரும்போது நம் ஆட்கள் ஹாலிவுட் படங்களையே அடுக்குகிறார்கள். இந்தப் படத்தைச் சொல்பவர் அபூர்வம். எனக்கு அது பெரிய வருத்தம். திரைக்கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் இந்த வகையில் நான் பார்த்ததில்லை.

பாதிக் கதையைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத முடியாது. முடிவை மட்டும் தொடமாட்டேன்.

கோடைக்காலம். மிஷேலும் கிளேரும் மூன்று பெண் குழந்தைகளோடு, மலைப்பக்கம் தாங்கள் வாங்கிப் போட்டிருக்கும் பழைய வீட்டுக்குக் காரில் போகிறார்கள். ஏசி இல்லாத கார். கைக்குழந்தை அழுதபடியே இருக்கிறது, மற்ற இரண்டும் பின்சீட்டில் ரகளை பண்ணுகின்றன, கணவன் மனைவி இருவருக்கும் எரிச்சல் உச்சத்தில். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, கழிவறையில் மிஷேல் முகம் கழுவுகிறான். பக்கத்தில் ஒருவன் அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பள்ளியில் ஒன்றாகப் படித்த ஹாரி. மிஷேலுக்கு அவனைச் சுத்தமாக நினைவில்லை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒருவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, இன்னொருவனுக்கு எதுவுமே இல்லை. இருவருக்கும் இடையில் இருக்கும் இந்தச் சமமின்மையே உங்கள் வேலையில் பாதியைச் செய்துவிடும். பயமுறுத்தும் இசையோ இருட்டோ கத்தியோ தேவையில்லை. சாதாரண ட்யூப்லைட் வெளிச்சம், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

ஹாரி பணக்காரன். அவனிடம் ஏசி உள்ள பெரிய கார் இருக்கிறது, கூடவே ப்ரூன் என்ற காதலியும். குழந்தைகளை ஏசி காரில் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறான். இப்படித்தான் அந்த வீட்டுக்குள் வந்து சேர்கிறான். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் படத்தின் மிக முக்கியமான காரியத்தைச் செய்கிறான். மிஷேல் பள்ளிப் பத்திரிகையில் எழுதி, தானே மறந்துவிட்ட ஒரு கவிதையை வரி பிசகாமல் ஒப்பிக்கிறான். அதோடு, மிஷேல் எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்ட பறக்கும் குரங்குகள் பற்றிய கதையை ஏன் முடிக்கவில்லை என்று ஆதங்கத்தோடு கேட்கிறான். அவன் போடுவது வேஷம் இல்லை, அந்த எழுத்தை மனதார நேசிக்கிறான். அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் மிஷேலின் முகத்தைப் பாருங்கள். முதலில் கூச்சம், அப்புறம் சங்கடம், கடைசியில் மிக லேசாக ஒரு பெருமை. மூன்று குழந்தைகள், கடன், பழுதான வீடு என்று அமிழ்ந்துபோன ஒருவனிடம் "நீ எழுத்தாளன்" என்று ஒருவர் சொன்னால் அவரை எப்படி வெளியே அனுப்புவது?

உங்கள் ரம்யா கவிதாவைப் புகழ்கிறாள், சேலை அழகு, சமையல் ருசி என்று. அது யாரைப் பற்றியும் சொல்லக்கூடிய புகழ்ச்சி. கவிதாவே கைவிட்ட ஒன்றை ரம்யா மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பரதம் ஆடினாளா, கணக்கில் முதல் ரேங்க் வாங்கினாளா, ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடிக்காமல் இரண்டாவது ட்ராஃப்ட்டுக்குப் போகாதீர்கள்.

அப்புறம் உதவிகள். மிஷேலின் கார் பழுதாகிறது. ஹாரி புத்தம்புதிய பெரிய வண்டி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறான், எடுத்துக்கொள் என்கிறான். கிளேருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குழந்தைகள் அந்த வண்டியில் நிம்மதியாகத் தூங்கினால் அவளுக்கும்தானே நிம்மதி? எந்தச் சிக்கலுக்கும் தீர்வு உண்டு என்பது ஹாரியின் கொள்கை. சிக்கல் கார் என்றால் புதுக் கார் தீர்வு. சிக்கல் ஒரு மனிதர் என்றால்? மிஷேலின் பெற்றோர் நல்லவர்கள்தான், ஆனால் மகன் வாழ்க்கையில் மூக்கை நுழைப்பவர்கள். அவன் இல்லாத நேரத்தில் ஆள் வைத்து அந்தப் பழைய வீட்டின் குளியலறையைக் கண்கூசும் இளஞ்சிவப்பில் புதுப்பித்து "இன்ப அதிர்ச்சி" தந்தவர்கள். அந்தக் குளியலறையைப் பார்த்ததும் நமக்கே கோபம் வரும். பெற்றோர் உன்னை எழுத விடாமல் அழுத்துகிறார்கள் என்று ஹாரி முடிவு கட்டுகிறான். ஒரு ராத்திரி மலைச்சாலையில் விபத்துபோல அவர்கள் கதையை முடித்துவிடுகிறான்.

நடுங்க வைப்பது இதற்கு அடுத்து நடப்பது. மிஷேல் எழுதத் தொடங்குகிறான். இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு, அதே இளஞ்சிவப்புக் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறான். அதாவது ஹாரியின் வைத்தியம் வேலை செய்கிறது. கொலைகாரனின் கணக்கு சரியாகிவிடுகிற இந்த இடம்தான் படத்தை மற்ற த்ரில்லர்களிலிருந்து தூக்கி நிறுத்துகிறது. வில்லன் கெட்டவன் என்பது நமக்குத் தெரியும், அவன் சொன்னது பலித்துவிட்டதே என்பதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

இந்த வகைக்குப் பெரிய முன்னோடி ஹிட்ச்காக் 1951-இல் எடுத்த 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்'. பட்ரீசியா ஹைஸ்மித் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட நாவல்தான் மூலம். டென்னிஸ் வீரன் ஒருவனுக்கு மனைவியிடமிருந்து விடுதலை வேண்டும். ரயிலில் அறிமுகமாகும் ப்ரூனோ கேட்காமலேயே அதைச் செய்து கொடுக்கிறான். அதற்கு முன்பே, அவளைக் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருக்கிறது என்று அந்த டென்னிஸ் வீரன் தொலைபேசியில் கத்துவதைக் காட்டிவிடுகிறார்கள். ஆசை நாயகனுடையது, கை மட்டும் இன்னொருவனுடையது. மோல் இந்தச் சூத்திரத்தை ஒரு குடும்பத்தின் கோடை விடுமுறைக்குள் கொண்டுவந்து வைத்தார்.

சரி, உங்கள் ட்ராஃப்ட்டில் ஒரு சீனை எடுத்துக்கொள்வோம். பத்தாவது பக்கத்தில் கவிதா தூங்கும்போது ரம்யா அவள் போனை எடுத்துப் பார்த்து இருட்டில் சிரிக்கிறாள். உங்கள் நண்பர்கள் அவளைப் பிடித்தது இங்கேதான். இந்த சீனை எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் இப்படி யோசியுங்கள்: கவிதாவின் மாமியார் கூடவே இருக்கிறார். கெட்டவர் இல்லை, ஆனால் அதிகாலை ஐந்து மணிக்கே சமையலறையில் பாத்திரம் உருட்டுகிறவர், மருமகள் காபி போடும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறவர். கவிதா இதைப் பற்றி ரம்யாவிடம் குறைசொல்லவே இல்லை. டம்ளர் வைக்கும் சத்தத்தில் ரம்யா புரிந்துகொள்கிறாள். மதுரையில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டு நல்லவிதமாகப் பேசுகிறாள். இரண்டு நாளில் நாத்தனாரே அம்மாவை ஒரு மாதம் இங்கே அனுப்பி வையுங்கள் என்று கூப்பிடுகிறார். ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கவிதா எட்டரை மணி வரை தூங்குகிறாள். எழுந்து வந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. மேசையில் ஃபில்டர் காபி. ரம்யா எதுவும் சொல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இதில் குற்றம் எதுவும் இல்லை. பார்ப்பவர்களில் பாதிப் பேர் "எனக்கும் இப்படி ஒரு தோழி இருந்தால்" என்று நினைப்பார்கள். முப்பதாவது பக்கத்தில் மதுரையிலிருந்து மாமியாரைப் பற்றி ஒரு கெட்ட செய்தி வரும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காபி கவிதாவின் தொண்டையில் மட்டுமல்ல, தியேட்டரில் இருப்பவர்கள் தொண்டையிலும் சிக்க வேண்டும்.

ஃப்ளாஷ்பேக் வேண்டாம் என்பது என் திட்டவட்டமான கருத்து. ஹாரி ஏன் இப்படி என்று படம் எங்கேயும் விளக்குவதில்லை. அதற்குப் பதில் ஒரு விசித்திரப் பழக்கத்தைத் தருகிறது: உடலுறவுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு பச்சை முட்டையை உடைத்து விழுங்குவான். கொலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அந்த முட்டை, பத்து நிமிட ஃப்ளாஷ்பேக் சொல்வதைவிட அதிகம் சொல்கிறது. இந்த ஆள் தன் உடம்பையும் பிறர் வாழ்க்கையையும் ஒரே மாதிரி நிர்வகிக்கிறவன் என்று நாமே புரிந்துகொள்கிறோம். கடந்தகாலம் கட்டாயம் வேண்டும் என்றால் ஜோயல் எட்கர்டன் 2015-இல் எடுத்த 'தி கிஃப்ட்' படத்தைப் பாருங்கள். ஒரு தம்பதியின் வாசலில் பரிசுகளாக வைத்துவிட்டுப் போகும், கணவனின் பழைய வகுப்புத் தோழன் அதில் வருகிறான். அங்கே பள்ளிக்காலத்து விஷயம் ஒன்று உண்டு. ஆனால் அது வெளியே வரும்போது நாம் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவது கணவனை. அப்படித் திருப்பிப் போட முடிந்தால் மட்டும் ஃப்ளாஷ்பேக்கைத் தொடுங்கள். சித்தி கொடுமை, காதல் தோல்வி மாதிரியான காரணங்கள் ரம்யாவைச் சின்னவளாக்கிவிடும்.

கிளேரைப் போல ஒருவர் உங்கள் கதையிலும் இருக்கட்டும். ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்படுபவர், ஆனால் கையில் ஆதாரம் இல்லாதவர், அந்த உதவிகளால் தானும் பயனடைகிறவர். உங்கள் கதையில் அது கணவனாக இருக்கலாம். பார்வையாளரின் சந்தேகத்தை அவர் பேசிவிட்டால், அவர்கள் உங்களை முந்திக்கொண்டு ஓட மாட்டார்கள்.

படத்தில் இன்னொன்றும் பாருங்கள். முற்றத்தில் ஒரு பழைய கிணறு. குழந்தைகள் விழுந்துவிடுவார்கள் என்று மிஷேல் அதை மூடும் வேலையில் இருக்கிறான். முதல் முறை பார்க்கும்போது அது ஒரு வீட்டுவேலை மட்டுமே. எதற்கு வைத்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் கதையில் க்ளைமாக்ஸுக்கு வேண்டிய பொருளை இப்படித்தான், வேறொரு நியாயமான காரணத்தோடு, வெயிலில் வைக்க வேண்டும்.

முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை ஒரு தாளில் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் ஹாரி செய்தது, வலது பக்கம் மிஷேல் அதை எந்த அளவுக்கு விரும்பினான் என்று எழுதுங்கள். கடைசி சீனில் அவர்கள் மறுபடி ஒரு காரில் போவார்கள். அதை முதல் சீனோடு ஒப்பிட்டு, சத்தத்தை மட்டும் கேளுங்கள். ஒலிக்கான செசார் சும்மா கிடைக்கவில்லை. உங்கள் சுருக்கத்தில் கடைசி ஐந்து பக்கமும் போலீஸ், கைது, கோர்ட் என்று இருக்கிறது. ரம்யா மாட்டுவாளா என்பதை விடுங்கள். ரம்யா கொடுத்ததையெல்லாம் கவிதா திருப்பிக் கொடுப்பாளா, வைத்துக்கொள்வாளா என்ற கேள்வியில் முடிவைத் தேடுங்கள்.

பட்ஜெட் கவலையும் இதில் குறைவு. மோலின் படத்தில் முக்கியமான பெரியவர்கள் நான்கே பேர், பெரும்பாலான கதை ஒரே வீட்டில் நடக்கிறது. முதல் படம் எடுக்கிறவருக்கு இது கட்டுப்படியாகும் அளவு.

புது ட்ராஃப்ட் முடிந்ததும் பழைய நண்பர்களிடம் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு ரம்யா யார் என்று தெரிந்துவிட்டது. கதையே கேள்விப்படாத இரண்டு பேரிடம் முதல் இருபத்தைந்து பக்கத்தை மட்டும் கொடுங்கள். யார் வில்லி என்று கேட்க வேண்டாம். மாமியார் மதுரைக்கு ரயிலேறியபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். "அப்பாடா" என்று சொன்னால் மேலே எழுதுங்கள்.