மே மாதத்தில் கடற்கரைக் கல்யாணமா? கிளம்புமுன் கவனிக்க வேண்டியவை

கோவையிலிருந்து ஒரு வாசகி: "மே இரண்டாம் வாரம் குளச்சல் பக்கம் கடலோரத் தென்னந்தோப்பில் தோழிக்குக் கல்யாணம். மாலை 4 மணிக்குத் தாலிகட்டு, இருட்டிய பிறகு திறந்தவெளியில் இலைபோட்டு விருந்து. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் 68 வயது அம்மாவும் 6 வயது மகளும் உடன் வருகிறார்கள். என்ன உடுத்துவது, எதையெல்லாம் எடுத்துப் போவது?"

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்: கடல். ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையில் 'கள்ளக்கடல்' ஏறுவதுண்டு. தெற்கே இந்தியப் பெருங்கடலில் வெகுதொலைவில் அடிக்கும் பலத்த காற்று எழுப்பிய அலை, பல நாள் ஓடி இங்கே வந்து சேர்கிறது. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் அலை சட்டென்று கரையேறி, திரும்பும்போது காலடி மணலையும் அறுத்துக்கொண்டு போகும். 2024 மே 6 அன்று இதே கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்துப்போய் இறந்த 5 மருத்துவ மாணவர்களும் ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்தவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கெனவே விடப்பட்டிருந்தது. ஆகவே முந்தின நாள் இரவும் அன்று காலையும் செய்தி பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்னும் கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் போட்டோவுக்காக ஈரமணலில் இறங்காதீர்கள். காய்ந்த மணலில் நின்றாலே கடல் பின்னால் அழகாக விழும். மகளின் கையை யாராவது ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

அடுத்தது வெக்கை. தெர்மாமீட்டர் 33, 34 டிகிரிதான் காட்டும். கோவைக்காரர்கள் அதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். கடற்காற்றில் ஈரம் மிகுதி, வியர்வை உலராது, உலராததால் உடம்புச் சூடும் இறங்காது. கனத்த பட்டும் அடிப்பாவாடையும் இரண்டு மணி நேரத்தில் பாடாய்ப் படுத்தும். மெல்லிய கைத்தறிப் பருத்தியோ கோட்டா சேலையோ போதும், சரிகைக் கரை இருந்தால் கல்யாணக் களையும் வந்துவிடும். முந்தானைக்கு ஒரு பின் போதாது, மூன்று குத்துங்கள். சாயங்காலக் காற்று முந்தானையை நிற்கவிடாது. வேட்டி கட்டும் ஆண்களுக்கு ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ வேட்டி நல்லது. குதிகால் செருப்பு மணலில் புதையும், கணுக்கால் பிசகும். தட்டையான வார்ச்செருப்பு போடுங்கள்.

அம்மாவின் மாத்திரைகளில் சிறுநீர் பிரிய வைக்கும் வகை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இருந்தால் வியர்வையும் சேர்ந்து உடம்பில் நீர் வற்றி, எழும்போது தலைசுற்றும். அளவை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. பையில் ஓஆர்எஸ் இருக்கட்டும். 21 கிராம் அளவுள்ள பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கு, 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது பலர் செய்யும் தவறு. உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு ஆபத்து.

தோப்பில் நிழல் பார்த்து நாற்காலி போடுகிறவர்கள் மேலே பார்ப்பதில்லை. குலை தள்ளிய மரத்தடியில் அம்மாவை உட்கார வைக்காதீர்கள், காரையும் நிறுத்தாதீர்கள். அந்த வாரம் தேங்காய் வெட்டியாயிற்றா என்று கல்யாண வீட்டாரிடம் கேட்பதில் தவறே இல்லை. கூடவே, மழை வந்தால் ஒதுங்கக் கட்டிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மே மாதச் சாயங்காலங்களில் மலைப்பக்கத்திலிருந்து இடிமழை திடீரென்று இறங்கும். இடி கேட்டால் பந்தல் பாதுகாப்பு ஆகாது, மரத்தடி அதைவிட மோசம். கட்டிடத்துக்குள் போங்கள், அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள்.

விருந்தில் அவியலும் தேங்காய்ப்பால் விட்ட பிரதமன் பாயசமும் இருக்கும். தேங்காய் சேர்ந்தது இந்தப் புழுக்கத்தில் சீக்கிரம் கெடும், அதனால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுங்கள். பிரதமனில் பப்படத்தை நொறுக்கி, பழத்தைப் பிசைந்து சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம், தவறவிட வேண்டாம்.

ரயிலில் வருவதானால் ஒன்று. அழைப்பிதழில் 'கன்னியாகுமரி' என்று இருப்பதைப் பார்த்துக் கன்னியாகுமரி நிலையம் வரை போய் இறங்கிவிடாதீர்கள். அது மாவட்டத்தின் பெயரும்கூட. குளச்சலுக்கு நாகர்கோவிலில் இறங்குவது வசதி. இன்னும் பக்கத்தில் இரணியல் நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. விடுமுறைக் காலம் என்பதால் 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும் அன்றே டிக்கெட் எடுங்கள். முந்தின நாளே வந்துவிட்டால் அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கும்.

அறைக்குத் திரும்பியதும் சேலையை அப்படியே மடித்துப் பெட்டியில் வைக்காதீர்கள். உப்புக்காற்றும் வியர்வையும் பட்ட சரிகை கறுக்கும். மணலை உதறி, ஃபேனுக்கடியில் இரவு முழுக்க விரித்துப் போட்டு, ஈரம் போன பிறகு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.