டேட்டன் நீதிமன்றம்: கேட்டவர்களுக்குப் பதில்

கே: டேட்டன் நீதிமன்றம் எப்போது கட்டியது?

ப: 1891. இது டென்னசி மாநிலம், ரே கவுண்டியின் தலைநகரான சின்ன டேட்டன். ரைட் சகோதரர்களின் ஊர் ஓஹையோவில் இருக்கும் வேறு டேட்டன், தயவுசெய்து குழப்பாதீர்கள். மூன்று தளச் செங்கல் கட்டடம், ரோமானஸ்க் பாணி அரைவட்ட வளைவுகளும் இத்தாலிய வில்லா சாயலும் கலந்தது, கூடவே மணிக்கூண்டு. 1925இல் ஸ்கோப்ஸ் வழக்கு நடந்த அறை அமெரிக்கக் கணக்கில் இரண்டாம் தளம், நம் கணக்கில் முதல் மாடி.

கே: ஸ்கோப்ஸ் வழக்கு மரத்தடியில் நடந்ததாமே?

ப: ஒரே ஒரு மதியம்தான். மனிதப் பரிணாமத்தைப் பள்ளியில் நடத்தக் கூடாது என்ற சட்டத்தை மீறியதாக ஆசிரியர் ஸ்கோப்ஸ் மீது வழக்கு. 1925 ஜூலை 10இல் தொடங்கி 21இல் முடிந்தது. 20ஆம் தேதி மதியம் நீதிபதி ரால்ஸ்டன் எல்லோரையும் புல்வெளிக்கு இறக்கிவிட்டார், கூட்டத்தின் பாரம் தளத்துக்கு ஆகாது என்ற பயத்தில். ஸ்கோப்ஸின் வக்கீல் டாரோ, எதிர்த்தரப்பு வக்கீல் பிரையனையே கூண்டில் ஏற்றி பைபிளைக் குடைந்தது அங்கேதான். ஜூரி அப்போது இல்லை. மறுநாள் அந்தச் சாட்சியத்தையே பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கே: நான் சிவில் எஞ்சினியர். தளம் விழும் என்பதெல்லாம் கதை, புழுக்கம்தான் காரணம்.

ப: புழுக்கமும் உண்டு, யார் இல்லை என்றது? ஆனால் கட்டடத்தை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று சொன்னது நீதிபதி, நானில்லை.

கே: ஸ்கோப்ஸ் எத்தனை வருடம் சிறையில் இருந்தார்?

ப: இந்த வழக்கைத் தழுவிய 'இன்ஹெரிட் தி விண்ட்' படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். படம் வரலாறு இல்லை! 100 டாலர் அபராதம், அவ்வளவுதான். அதுவும் 1927இல் ரத்து, 50 டாலருக்கு மேல் என்றால் ஜூரிதான் விதிக்க வேண்டும், இங்கே நீதிபதி விதித்துவிட்டார்.

கே: ரைட் சகோதரர்கள் வீடு பக்கத்தில்தானே?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: அமெரிக்காவில் சொத்துத் தகராறு, எந்த நீதிமன்றம் போவது?

ப: வக்கீலிடம். எனக்குச் செங்கல்தான் தெரியும்.

கே: வாசலில் யார் சிலை?

ப: 2005இல் பிரையன். 2017இல்தான் டாரோவுக்கும் இடம் கிடைத்தது. உள்ளே போனால் அடித்தள மியூசியத்தை விட்டுவிடாதீர்கள்.

கே: மறுபடியும் அதே எஞ்சினியர். அந்தக் காலத்து மர உத்தரம் எவ்வளவு தாங்கும் தெரியுமா?

ப: சரி சார், தளம் இன்றைக்கும் நிற்கிறது, நீங்களே ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மக்கள் நின்றுகொண்டு நெருக்கியடித்த அந்த வாரத்தில் நீங்கள் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்?